மருத்துவப் பாடங்களில் இனப்பாகுபாட்டைத் தணிக்கை செய்ய 12 வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாமாண்டு_மாணவி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் எம்பிபிஎஸ் படிக்கும் ஏழு பேர் சேர்ந்து, எங்கள் பாடங்களில் இனம் எப்படிக் கையாளப்படுகிறது என்று ஆராய்ந்து பாடத்திட்டக் குழுவுக்கு அறிக்கை தரப்போகிறோம். குழு ஒரு மணி நேர விரிவுரை ஒன்றைச் சேர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அது மட்டும் போதாது என்பது எங்கள் கருத்து. சிக்கல் ஒரு விரிவுரையில் இல்லை, எல்லா ஸ்லைடுகளிலும் தேர்வுக் கேள்விகளிலும் சிதறிக் கிடக்கிறது.

கேட்க வேண்டியவை இவை: ஸ்லைடுகளை எண்ணிப் பார்க்க நம்பகமான முறை எது? நோயாளியின் இனத்தைப் பொறுத்து விடையை மாற்றி, பிறகு கைவிடப்பட்ட சூத்திரங்கள் எவை, அவற்றை எப்படி எடுத்துக்காட்டுவது? கருந்தோலில் நோய்க்குறிகளைக் கற்பிக்க என்ன சேர்க்கச் சொல்லலாம்? பேராசிரியர்களிடமிருந்து வரக்கூடிய எதிர்வாதங்களுக்கு என்ன பதில்?

---

பாடத்திட்டம்_பார்ப்பவர் எழுதியது:

முதலில் அளவைச் சுருக்குங்கள். ஐந்தாண்டுப் பாடம் முழுவதையும் எடுத்தால் 12 வாரத்தில் முடியாது, அரைகுறை எண்களோடு குழு முன் போய் நிற்பீர்கள். ஒரே ஒரு பிரிவை எடுங்கள். 30 விரிவுரை, விரிவுரைக்கு 50 ஸ்லைடு என்றால் 1,500. ஒவ்வொரு ஸ்லைடையும் இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஆக 3,000 பார்வை. ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 430. மணிக்கு நூறு என்ற வேகத்தில் நாலரை மணி நேர வேலைதான். அந்தப் பிரிவின் தேர்வுக் கேள்விகளையும் கேட்டு வாங்குங்கள். மாணவர்கள் ஸ்லைடை மறந்துவிடுவார்கள், கேள்வி வங்கியில் நூறு முறை பார்த்தது மறக்காது.

இனம் அல்லது பிறந்த நாடு குறிப்பிடப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். அந்தச் சொல்லை நீக்கினாலும் விடை மாறாது என்றால் 'தேவையற்றது'. அந்தச் சொல் வேறொன்றின் இடத்தில் நிற்கிறது என்றால் 'பதிலி'. குடும்ப வரலாறு, மரபணு, காசநோய் பரவலாக உள்ள ஊரில் வாழ்ந்தது, வறுமை, சிகிச்சை மறுக்கப்பட்டது, எதன் இடத்தில் நிற்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 'கறுப்பினத்தவருக்கு இது அதிகம்' என்று மட்டும் சொல்லிக் காரணத்தை விட்டுவிட்டால் 'விளக்கமற்றது'. காரணத்தோடு சொல்லியிருந்தால் 'விளக்கப்பட்டது'. இந்த நான்காவதை விட்டுவிடாதீர்கள். நன்றாகச் செய்திருக்கும் ஆசிரியரின் ஸ்லைடை அறிக்கையில் எடுத்துக்காட்டினால் மற்றவர்களும் காது கொடுப்பார்கள்.

முழு வேலையில் இறங்குமுன் 100 ஸ்லைடை எல்லோரும் பார்த்து, ஒத்துப்போகிறதா என்று இருவர் இருவராக எடுத்து கோஹன் காப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த ஒற்றுமை அளவு, 1 என்றால் முழு ஒற்றுமை) கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் ஆட்களை மாற்றாதீர்கள், குறியீட்டின் வரையறையைத் திருத்துங்கள். பெரும்பாலும் 'தேவையற்றது', 'பதிலி' இரண்டுக்கும் இடையில்தான் குழப்பம் வரும்.

படங்களை எண்ணும்போது வழக்கமாக நடக்கும் தவறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. எக்ஸ்ரே, திசு ஸ்லைடு, வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் கருந்தோலின் விழுக்காடு செயற்கையாகக் குறையும். குழுவில் ஒருவர் அதைக் கண்டுபிடித்தால் மொத்த அறிக்கையும் போச்சு. தோல் தெரியும் படங்களை மட்டும் எண்ணுங்கள். படத்தில் இருப்பவர் என்ன இனம் என்று ஊகிக்காதீர்கள், தோலின் நிறத்தை மட்டும் குறியுங்கள். வெளிர், இடைநிலை, கருமை என மூன்று போதும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு பரவலாகப் பயன்படும் நான்கு பாடநூல்களில் 4,000-க்கும் மேற்பட்ட படங்களை இப்படித்தான் பிரித்தது. கருந்தோல் 4.5 விழுக்காடுதான் இருந்தது. எல்லோரும் ஒரே திரையில், ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். லேப்டாப் மாறினால் இடைநிலைக்கும் கருமைக்கும் நடுவே உள்ள கோடு நகர்ந்துவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் ஒரு சான்று கையில் வைத்திருங்கள். 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை இன மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 222 பேரைக் கேட்டார்கள். 'கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது' போன்ற பொய்யான கூற்றுகளில் ஒன்றையாவது ஏறத்தாழ பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டார்கள், அவர்கள் பரிந்துரைத்த சிகிச்சையும் பொருத்தமாக இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. எங்கோ கேட்டது, யாரும் திருத்தாமல் விட்டது.

---

வடிகட்டி எழுதியது:

சூத்திரங்களில் ஈஜிஎஃப்ஆரிலிருந்து, அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீட்டிலிருந்து, தொடங்குங்கள். மாணவர்கள் கேள்வி எழுப்பியதால் மருத்துவமனை நடைமுறையே மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை, தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவிலிருந்து கணக்கிடுகிறோம். 1999-ல் வந்த எம்டிஆர்டி சமன்பாட்டின் வழிவந்த வடிவம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.212 ஆல் பெருக்கியது. 2009-ல் வந்த சிகேடி-எபி என்ற சமன்பாடு 1.159 ஆல் பெருக்கியது. ஒரே வடிகட்டும் திறனில் கறுப்பினத்தவருக்குக் கிரியாட்டினின் சராசரியாகச் சற்று அதிகம் இருந்தது என்பது ஆய்வுத் தரவில் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் 'தசை அதிகம்' என்று எழுதிவிட்டார்கள். தசையை யாரும் அளக்கவில்லை. பெற்றோரில் ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர் என்றால் எந்தப் பெட்டியில் டிக் போடுவது என்ற எளிய கேள்விக்கே சமன்பாட்டில் விடை கிடையாது.

அறிக்கையில் வெறும் வாதம் வேண்டாம், கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 50 வயது ஆண், கிரியாட்டினின் 3.7 மில்லிகிராம்/டெசிலிட்டர். 2009 சமன்பாட்டில் இனத்துக்கான பெருக்கல் இல்லாமல் ஈஜிஎஃப்ஆர் 18. 'கறுப்பினத்தவர்' என்று குறித்தால் 21. அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு, இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். அதே ரத்தம், அதே சிறுநீரகம். ஒருவருக்கு இன்றே காலம் ஓடத் தொடங்குகிறது, இன்னொருவருக்கு இல்லை. 2021-ல் வந்த, இனம் இல்லாத சமன்பாட்டில் இருவருக்கும் 19.

கணக்குப் போடும்போது அலகைக் கவனியுங்கள். இங்கிலாந்து லேப் மைக்ரோமோல்/லிட்டரில் தரும். 88.4 ஆல் வகுத்த பிறகே சமன்பாட்டில் இடவேண்டும். மேலே சொன்ன 3.7 என்பது அங்கே 327.

மாற்றம் வந்த வரிசை இது. பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2017-ல் இனத்துக்கான பெருக்கலைக் கைவிட்டது. மாணவர்கள் வகுப்பிலும் குழுக்களிலும் விடாமல் கேட்டதைத் தொடர்ந்து வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2020 ஜூனில் கைவிட்டன. அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரகவியல் சங்கமும் சேர்ந்து அமைத்த பணிக்குழு 2021 செப்டம்பரில் புதிய சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில், பழைய கணக்கால் தாமதப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தும் விதி நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்கு இழந்த காலம் திரும்பக் கிடைத்தது. பெருக்கலில் இருந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டியில் இனத் திருத்தம் கிடையாது. ஆகவே உங்கள் ஸ்லைடில் 1.159 இன்னும் இருந்தால் அது கருத்து வேறுபாடு அல்ல, காலாவதியான தகவல். அப்படியே எழுதிக் கொடுங்கள். யாரையும் இனவெறியர் என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது, அடுத்த வாரமே திருத்திவிடுவார்கள்.

நேர்மையாகச் சேர்க்க வேண்டிய ஒன்று: இனத்தை எடுத்ததால் கிரியாட்டினின் துல்லியமாகிவிடவில்லை. புதிய சமன்பாடு சிலருக்குச் சற்றுக் கூட்டியும் சிலருக்குச் சற்றுக் குறைத்தும் காட்டும். முடிவு எல்லைக்கோட்டில் தொங்கினால் சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் புரதத்தின் பரிசோதனையும் செய்து இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே சரி.

இதே வகையில் தேட வேண்டிய இன்னொன்று, சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவ வாய்ப்பைக் கணிக்கும் அமெரிக்கக் கால்குலேட்டர். 2007 வடிவம் கறுப்பின, ஹிஸ்பானிக் பெண்களுக்கு வாய்ப்பைக் குறைத்துக் காட்டியது. 2021-ல் இனத்தை எடுத்துவிட்டு, மருந்து தேவைப்படும் நாள்பட்ட ரத்தக்கொதிப்பைச் சேர்த்தார்கள். பழைய போன் செயலிகளிலும் அச்சுப் பிரதிகளிலும் முந்தைய வடிவம் இன்னும் உலவுகிறது.

---

தோல்_பக்கம் எழுதியது:

கருந்தோல் படம் சேருங்கள் என்று மட்டும் கேட்டால், கடைசி ஸ்லைடில் ஒரு படம் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். 'சிவந்திருக்கும்' என்ற சொல்லையே குறிவையுங்கள். ஸ்லைடு கோப்புகளில் 'சிவப்பு', 'இளஞ்சிவப்பு', 'நீலம்', 'வெளிறிய' ஆகியவற்றுக்கான சொற்களைத் தேடி, ஒவ்வொரு இடத்திலும் 'கருந்தோலில் எப்படித் தெரியும்?' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்க்கச் சொல்ல வேண்டியவை ஏறக்குறைய இவை. அழற்சி கருந்தோலில் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது. ஊதா, சாம்பல், அல்லது சுற்றியுள்ளதைவிட அடர்ந்த பழுப்பாகத் தெரியும். புறங்கையால் தொட்டுச் சூட்டை உணர வேண்டும், மறுபக்கத்து உறுப்போடு ஒப்பிட வேண்டும், வீக்கமும் இறுக்கமும் பார்க்க வேண்டும். நீலம் பாரிப்பது சாம்பலாகவோ வெளுப்பாகவோ தெரியலாம். நாக்கு, உதட்டின் உட்புறம், இமையின் உட்புறம், நகக்கண் பாருங்கள். சோகைக்கு இமையின் உட்புறமும் உள்ளங்கை ரேகைகளும். காமாலைக்கு வெண்விழி, ஆனால் கருந்தோல் உள்ள பலருக்கு அங்கே இயல்பாகவே மங்கிய மஞ்சள் படிந்திருக்கும், அதனால் அண்ணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளையுறைக் காய்ச்சலில் (மெனிஞ்சைடிஸ்) வரும் ரத்தப் புள்ளிகளை உள்ளங்கை, உள்ளங்கால், அண்ணம், இமை உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். படுக்கைப் புண்ணின் முதல் கட்டத்தைச் சிவப்பை வைத்து மட்டும் தேடினால் கருந்தோலில் தவறிப்போகும், தோல் உரிந்த பிறகுதான் கண்ணில் படும்.

பிறந்த குழந்தையை மறந்துவிடாதீர்கள். பிறந்ததும் குழந்தையின் நிலையை மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் 10-ல் 2 நிறத்துக்கு. 'உடல் முழுவதும் இளஞ்சிவப்பு' என்பதே முழு மதிப்பெண்ணின் வரையறை. இங்கிலாந்தின் என்எச்எஸ் இனமும் உடல்நலமும் பற்றிய ஆய்வகம் 2023-ல் இதையும், சிசுக்களில் காமாலையைக் கண்ணால் மதிப்பிடுவதையும் கேள்விக்குள்ளாக்கி அறிக்கை தந்தது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்தும் விஷயம்.

எங்கே படம் கிடைக்கும் என்றால், லண்டன் செயின்ட் ஜார்ஜஸில் இரண்டாமாண்டு மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-ல் 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டை வெளியிட்டார். கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதற்கான படங்களும் அவற்றை விவரிக்கும் சொற்களும் அதில் உண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதிதாகப் படம் எடுப்பதென்றால் கற்பித்தலுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். பக்கத்தில் நிற அளவு அட்டை வையுங்கள், பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பிளாஷ் கருந்தோலில் பளபளத்து, எதைக் காட்ட வந்தோமோ அதையே மறைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. கருந்தோல் படங்கள் எந்தப் பாடத்தில் வருகின்றன என்றும் பாருங்கள். எக்சிமாவிலும் சொரியாசிஸிலும் ஒன்றுகூட இல்லாமல் பால்வினை நோயான சிபிலிஸில் மட்டும் நிறைய இருந்தால், மொத்த விழுக்காடு நன்றாக இருந்தாலும் பாடம் சொல்லும் செய்தி மோசமானது.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் விழுக்காட்டை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் இதோடு சேருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத் தரவை வைத்து 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6. காரணம் எளிது. கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் விரல் வழியே செலுத்தி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது, தோலின் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சும். மாணவர் கற்க வேண்டியது: ஓர் எண்ணை மட்டும் நம்பாமல் போக்கைக் கவனி, மூச்சு வாங்கும் விதத்தோடு பொருந்தவில்லை என்றால் தமனி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு.

---

மூன்றாமாண்டு_மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு பேராசிரியரின் எதிர்வாதம் இது: "ரத்தக்கொதிப்பு வழிகாட்டியிலேயே இனம் இருக்கிறது. தெற்காசியருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) எல்லை வேறு. இனத்தை எடுத்துவிட்டால் நோயாளிக்குத்தான் நட்டம்." இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

---

சமூகமருத்துவம் எழுதியது:

அவர் சொல்வதில் பாதி சரி, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். இனம் என்ற சொல்லை அழிக்கச் சொல்லி நீங்கள் போகவில்லை. அது எதைக் குறிக்கிறது என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறீர்கள்.

பிஎம்ஐ: உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளைத் தந்தது. குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், யாரைச் சீக்கிரம் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவுகிறது. ஒருவருக்கு முன்கூட்டியே கதவைத் திறக்கும் எல்லை அது. சிறுநீரகத்தில் இருந்த 1.159 கதவைத் தாமதமாகத் திறந்தது. ஒரு திருத்தத்தைப் பார்த்தால் இதனால் யாருக்குச் சிகிச்சை முன்னால் வருகிறது, யாருக்குப் பின்னால் போகிறது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விவாதம் தெளிந்துவிடும்.

ரத்தக்கொதிப்பு: நீரிழிவு இல்லாத 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு முதல் ரத்தக்கொதிப்பு மருந்தாக நைஸ் ஏசிஇ தடுப்பி அல்லது ஏஆர்பி வகையைச் சொல்கிறது, கறுப்பின ஆப்பிரிக்க அல்லது ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பப் பின்னணி என்றால் கால்சியம் சேனல் தடுப்பி என்ற வேறு வகை. தேர்வுக்கு இதை அப்படியே படியுங்கள். ஆனால் இது சராசரியில் உள்ள வேறுபாடு, இரு குழுக்களும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. பாடம் கெட்டுப்போவது எங்கே என்றால், 'கறுப்பினத்தவருக்கு ஏசிஇ தடுப்பி வேலை செய்யாது' என்று மாணவர் சுருக்கிக்கொள்ளும் இடத்தில். பிறகு சிறுநீரில் புரதம் போகிற, அல்லது இதயச் செயலிழப்பு உள்ள ஒரு கறுப்பின நோயாளிக்கு அவசியமான மருந்தே மறுக்கப்படும். ஏசிஇ தடுப்பியால் முகமும் நாக்கும் வீங்கும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல் என்பதையும் அதே ஸ்லைடில் சொல்ல வேண்டும்.

மரபணுவைச் சோதிக்க முடிகிற இடத்தில் இனத்தை ஊகிக்க வேண்டியதில்லை. வலிப்பு மருந்தான கார்பமாசெபைன் கொடுக்குமுன், கடும் தோல் ஒவ்வாமை ஆபத்தைக் காட்டும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகையைப் பார்க்கிறோம். 'ஆசியர்' என்ற ஒரே பெட்டியில் தாய்லாந்தினரும் ஜப்பானியரும் இருக்கிறார்கள், அந்த மரபணு முன்னவர்களிடம் கணிசமாக உண்டு, பின்னவர்களிடம் மிக அரிது.

நுரையீரல் பரிசோதனையையும் பாருங்கள். ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவிகள் பல காலமாகக் கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 விழுக்காடு, ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடு வரை குறைவான அளவையே 'இயல்பு' என்று கொண்டன. உண்மையில் குறைந்துபோன நுரையீரலும் அறிக்கையில் இயல்பாக வரும். தூசு, புகை, சிறு வயதுச் சத்துக்குறைவு ஆகியவற்றால் வந்த இழப்பு இனத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. நுரையீரல் மருத்துவர்களின் அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2023-ல் இனம் பாராத குறிப்பளவுகளைப் பரிந்துரைத்தது. உங்கள் மருத்துவமனைக் கருவியின் மெனுவில் இப்போது எது தேர்வாகியிருக்கிறது என்று தொழில்நுட்பரிடம் கேளுங்கள். ஸ்லைடு மாறியும் கருவி மாறாமல் கிடக்கலாம்.

கேள்வி வங்கிக்கு ஒரு எடுத்துக்காட்டு. அரிவாள் செல் சோகை என்றால் கேள்வியில் எப்போதும் கறுப்பினச் சிறுவன்தான் வருவான். இந்தியாவில் அந்த நோயின் மரபணு முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மத்திய இந்தியப் பழங்குடிகள், கிரேக்கர், சவுதி அரேபியர் இடையிலும் உண்டு. மலேரியா பரவிய நிலங்களின் வரைபடத்தோடு பொருந்துகிற நோய் இது, தோல் நிறத்தோடு அல்ல. கேள்வியை மாற்ற ஒரு வரி போதும்: இனத்தை எடுத்துவிட்டு, 'அக்காவுக்கும் இதே போல வலி வருவதுண்டு' என்று எழுதுங்கள். கேள்வி கடினமாகும், மருத்துவமும் சரியாகும்.

---

பாடத்திட்டம்_பார்ப்பவர் எழுதியது:

அறிக்கையின் வடிவம் பற்றி இரண்டு சொல். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை: இப்போது இருப்பது, ஏன் தவறு, மாற்று வரி, யார் திருத்த வேண்டும். மாற்று வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'பரிசீலிக்கவும்' என்று முடியும் எந்த வரியும் பரிசீலனையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் 'வெள்ளைக் கோட்டுகள் கறுப்பு உயிர்களுக்காக' என்ற மாணவர் அமைப்பு 2018-ல் கல்லூரிகளுக்கு, இனநீதியில் எப்படி நடந்துகொள்கின்றன என்று மதிப்பெண் அட்டை தரத் தொடங்கியது. 2014 டிசம்பர் 10 அன்று எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் வெள்ளைக் கோட்டோடு தரையில் படுத்து நடத்திய போராட்டத்திலிருந்து வளர்ந்த அமைப்பு அது. கல்லூரித் தலைமையை அசைக்க மதிப்பெண் அட்டை உதவும். ஆனால் தனி விரிவுரையாளரிடம் மதிப்பெண்ணோடு போனால் கதவு மூடும், மாற்று வரியோடு போனால் திறக்கும்.

வார்டில் நடக்கும் அவமதிப்பை இந்த அறிக்கையில் கலக்காதீர்கள். அதற்குத் தனி வழி வேண்டும், புகார் செய்பவரைக் காக்கும் விதிகளும் வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் 2020 பிப்ரவரியில் மருத்துவக் கல்லூரிகளுக்கென இன அவமதிப்புக்கு எதிரான சாசனம் வெளியிட்டது. உங்கள் கல்லூரி கையெழுத்திட்டிருக்கிறதா, அதன்படி நடக்கிறதா என்று தனிக் கடிதமாகக் கேளுங்கள்.

கடைசியாக, வேலைப் பங்கீடு. ஏழு பேரில் கறுப்பின, ஆசிய மாணவர்களே எல்லாச் சுமையையும் இழுக்கும்படி விடாதீர்கள். இதை விருப்பப்பாடத் திட்டப்பணியாகப் பதிவு செய்து மதிப்பெண்ணோ ஊதியமோ கேளுங்கள், கல்லூரி ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் இது சிறு பகுதி. குறியீட்டு வரையறை, எக்செல் தாள், யார் எதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்ற பதிவு மூன்றையும் இப்போதே இரண்டாமாண்டு மாணவர் இருவரின் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே 100 ஸ்லைடை அவர்கள் மறுபடி எண்ணட்டும். எது மாறியது என்று காட்ட வேறு வழி இல்லை.